பெஞ்சில் எட்டு, ஸ்டூலில் ஒன்று

என் கடைக்கு வருகிறவர்கள் மேசையில் மவுஸ் இல்லாததைக் கவனிப்பார்கள். கவனிக்காவிட்டால் நானே கவனிக்க வைத்துவிடுவேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள், பாத்திரக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் இருக்கிறது கடை. ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, பென்ஷன், பள்ளிச் சேர்க்கை என்று கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டிய எதையும் நிரப்பிக் கொடுப்பேன். பின்னால் பிரின்டரையும் லேமினேஷனையும் மனைவி பார்த்துக்கொள்வாள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மலையாளம் எழுதப் படிக்க வரும் என்பதால், ஊர்ப்பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் மலையாளத்தில் ஏற்றுவேன்.

மவுஸை நான் விட்டது ஒரு ஹர்த்தால் நாளில். முதல்நாள் வாங்கி வைத்த பென்ஷன் மனு ஒன்றை அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தால், மவுஸின் இடது பொத்தான் உயிரை விட்டிருந்தது. ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு டி தட்டினால் புது டேப் திறக்கும். டபிள்யூ தட்டினால் இருப்பது மூடும். தவறி மூடிவிட்டால் ஷிஃப்டையும் சேர்த்து டி தட்டினால், போன டேப் திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கன்ட்ரோலோடு ஒன்று தட்டினால் முதல் டேப், இரண்டு தட்டினால் இரண்டாவது டேப். அன்றைக்கு மனு போய்ச் சேர்ந்தது. மறுநாள் புது மவுஸ் வாங்கினேன், ஆனால் அதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மவுஸைப் பெட்டியோடு இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. பெஞ்சிலும் கை வைத்தேன். எங்கள் தொழிலில் யாருக்கும் ஒரே மூச்சில் வேலை முடியாது. ஒருவருக்கு ஓடிபி வர வேண்டும், இன்னொருவர் போட்டோ எடுத்துவரப் போயிருப்பார், மூன்றாமவருக்கு சைட் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் எப்போதும் ஆளுக்கு ஒரு டேப் திறந்திருக்கும். முன்பெல்லாம் எந்த டேப் யாருடையது என்று தேடுவதிலேயே பாதிப்பொழுது போகும். கீபோர்டுக்காரன் ஆன பிறகு ஒரு சட்டம் கொண்டுவந்தேன். டேப் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் ஆட்களும் உட்கார வேண்டும். பெஞ்சில் எட்டுப் பேர் பிடிக்கும். கூட்டம் மிஞ்சினால் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலில் இருப்பவர் ஒன்பதாவது டேப். அதற்கு மேல் வருகிறவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிடுவேன், கீபோர்டில் பத்து என்று ஒரு விசை இல்லையே. ஒருவர் வேலை முடிந்து எழுந்தால் டேபை மூடுவேன், எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்காருவார்கள். நடுவில் டீ குடிக்கப் போகிறவர் தன் இடத்தில் தன் பையையாவது வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒருமுறை ஒரு அண்ணாச்சி பையும் இல்லாமல் போய்விட்டார். மற்றவர்கள் இடைவெளியை நிரப்பி உட்கார்ந்துகொண்டார்கள். திரும்பி வந்தவருடைய ரேஷன் கார்டில் இன்னொருவரின் மாமியார் ஏறிவிடப் பார்த்தார். அதற்கும் நான் என்னைக் குறை சொல்லிக்கொள்ளவில்லை. ஒழுங்காக உட்காரத் தெரியாத ஜனங்கள் என்று மனைவியிடம் கத்தினேன்.

மனைவி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. என்னைப் போல் சத்தம் போட மாட்டாள். கீபோர்டில் என் விரல்கள் ஆடும்போது ஓரக்கண்ணால் பார்த்து, கச்சேரி தொடங்கியாச்சு அல்லே என்பாள், அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் ஃபுல் ஏ பிளஸ், அதாவது எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், வாங்கினாள். இந்த ஊரில் ஃபுல் ஏ பிளஸ் வாங்கிவிட்டால் நம் பிள்ளை நம் பிள்ளையாக மட்டும் இருக்க முடியாது. குடியிருப்புச் சங்கத்தில் போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், நானும் மேடையேறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைக்கு ஆதாருக்கு வந்தவர், பென்ஷனுக்கு வந்தவர், பக்கத்துக்கடைக்கு வழி கேட்டு வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் சொன்னேன். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: அப்போ பயாலஜியா, கம்ப்யூட்டரா? பயாலஜி என்று நானே சொல்லிக்கொண்டேன். மகளைக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டபோது அவள் ஹ்யுமானிட்டீஸ் என்றாள்.

சரித்திரமும் அரசியலும் படிக்க வேண்டுமாம். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருக்கிற பள்ளியில் அந்தப் பிரிவு நன்றாக இருக்கிறதாம். விசாரித்து வைத்திருந்தாள். நான் கத்தினேன். ஃபுல் ஏ பிளஸ் வாங்கியவள் அங்கே போனால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்றேன். ஜனங்களா படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். மனைவி அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். இருபது நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் காலையில், சரி, உன் இஷ்டம் என்றேன். அப்படிச் சொன்ன அப்பாவை நினைத்தால் எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அது பச்சைப் பொய். விண்ணப்பத்தை ஏற்றப்போவது என் கம்ப்யூட்டரில், என் கையால். விருப்ப வரிசையில் முதலில் எது இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவள் மதிப்பெண்ணுக்கு முதலில் போட்டது கிடைத்துவிடும். அவள் சொன்னபடியே ஹ்யுமானிட்டீஸை முதலில் போட்டுக் காட்டினேன். கடைசி நாளில், யாரும் பார்க்காத நேரத்தில், பயாலஜியை மேலே தூக்கி வைத்து உறுதிப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். உறுதிப்படுத்திய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சைட் தானாக மாற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பெற்ற மகளை ஏமாற்ற எவ்வளவு புத்தி வேலை செய்கிறது பாருங்கள்.

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிவரை நேரம். ஜூன் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிளஸ் ஒன் சேர்க்கைக்காகக் கடையில் ஈ நுழைய இடமில்லை. எங்களைப் போன்ற கடைக்கு ஒரே லாகின்தான், அதற்குள் எத்தனை பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் தனித்தனி டேபில் திறந்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கென்று தனி லாகின் உண்டு, ஆனால் கடையில் ஏற்றியதை அதில் பார்க்க மட்டும்தான் முடியும். பெஞ்சில் எட்டுப் பேர், ஸ்டூலில் ஒருவர். ஆக ஒன்பது டேப். மகளுடைய விண்ணப்பத்தைப் பத்தாவதாக, வலது ஓரக்கடைசியில் திறந்து வைத்திருந்தேன். யாராவது எழுந்துபோய் டேபை மூடினாலும், அடுத்து வருகிறவருக்குத் திறந்ததை அதற்கு முன்னால் கொண்டுவந்து விடுவேன். மனைவி என் முதுகுக்குப் பின்னால் வரும்போது அவள் கண்ணில் படாத இடம் அதுதான் என்று கணக்கு. நாலரைக்கு அவள் கோயிலில் விளக்குப் போட்டுவர ஐந்து நிமிஷம் போவாள். அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் போதும்.

நாலு மணி சுமாருக்கு ஸ்டூலில் இருந்தவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். கொத்தனார். வள்ளியூர்ப் பக்கம். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், முழங்கை வரைக்கும் சிமென்ட் காய்ந்திருந்தது. அவர் மகள் பின்னால் ஃபைலைத் துப்பட்டாவுக்குள் வைத்து மழையிலிருந்து காப்பாற்றிக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டும். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, உறுதிப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணாச்சி, காங்கிரீட்டு பாதியில நிக்கி. மழ கூடுச்சுன்னா மேஸ்திரி என்னத் தின்னுருவாரு. எனக்கு மட்டும் கொஞ்சம் மொதல்ல பாத்து விட்டிருங்களேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் குஷி வந்துவிட்டது. கெஞ்சுகிற ஒரு ஆள், பார்க்கிற எட்டுப் பேர், கையில் கீபோர்டு. இதைவிட வேறென்ன வேண்டும்? வரிசையை விட்டுத் தாவுவது எனக்கொன்றும் பெரிய காரியமில்லை கொத்தனாரே என்று அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, திரையைத் திரும்பியும் பார்க்காமல் கன்ட்ரோலோடு ஒன்பதைத் தட்டினேன். அந்தப் பக்கங்களின் அடிப்பகுதி எல்லா விண்ணப்பத்திலும் ஒன்றேபோல் இருக்கும். ஒரு உறுதிமொழி, ஒரு சின்னக் கட்டம், ஒரு பொத்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை போட்டுப் போட்டு விரலுக்கே பாடம். பக்கத்தின் அடிக்குப் போனேன், கட்டத்தில் ஸ்பேஸ், பொத்தானில் என்டர். நிச்சயமாகவா என்று கேட்டதற்கு இன்னொரு என்டர். அப்புறம் பிரின்டுக்குக் கன்ட்ரோல் பி, அதற்கும் ஒரு என்டர். உள்ளங்கையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டேன். நாலு மூச்சு விடுவதற்குள் முடிந்தது, பார்த்தீரா என்று கேட்டேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

பின்னால் பிரின்டர் ஓடி நின்றது. மனைவி பேப்பரை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் பார்த்தது அந்தச் சிரிப்பு.

“அப்போ மோளுக்குக் கன்ஃபர்ம் பண்ணியாச்சு, அல்லே? நாலரைக்கு என்னை வெளிய அனுப்பிட்டு என்னமோ பண்ணப் போறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. கொத்தனார் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி, இது நம்ம பிள்ள இல்லையே என்றார், ரொம்ப மரியாதையாக.

பேப்பரைப் பிடுங்கினேன். என் மகள் போட்டோவில் கொஞ்சமும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அதற்குக் கீழே முதல் விருப்பம் ஹ்யுமானிட்டீஸ், இரண்டு ஸ்டாப் தள்ளியிருக்கிற பள்ளி. அதற்கும் கீழே, உறுதி செய்யப்பட்டது. திரையைப் பார்த்தேன். பத்தாவது டேபில் நின்றுகொண்டிருந்தேன். கன்ட்ரோலோடு எட்டைத் தட்டினேன், எட்டாவதுக்குப் போனது. ஒன்பதைத் தட்டினேன், பத்தாவதுக்கு வந்தது. மறுபடி எட்டு, மறுபடி ஒன்பது. அப்போதுதான் உறைத்தது. ஒன்பதுக்கு அர்த்தம் ஒன்பதாவது டேப் இல்லை, கடைசி டேப். எத்தனை திறந்திருந்தாலும் கடைசி. இத்தனை நாளும் ஒன்பதுக்கு மேல் நான் திறந்ததே இல்லை, அதனால் கடைசியும் ஒன்பதாவதும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. பத்தாவது ஒன்றைத் திறந்தது இந்தத் திருட்டு வேலைக்காக மட்டும். அதையும் ஒளித்து வைக்கக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு முன்னால் ஒரு மனிதர் காங்கிரீட்டைப் பாதியில் விட்டுவிட்டு நிற்கிறார். ஒன்பதாவது டேபுக்கு எப்படிப் போவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எட்டாவதில் போய் நின்று, அங்கிருந்து ஒன்று தள்ளி, தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, பெயர், பிறந்த தேதி, முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். சரியா என்று மூன்று தடவை கேட்டேன். சரிதான் மாமா என்றாள். அவளையே என்டர் தட்டச் சொன்னேன். பேப்பர் வந்தது. கொத்தனார் அதை இரண்டு கையாலும் வாங்கினார், சிமென்ட் படாமல் நுனியில் பிடித்து. நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு மழைக்குள் ஓடினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் நான் செய்த கோமாளித்தனத்தை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி விளக்குப் போடப் போனதும் மகளின் டேபுக்கு வந்து கன்ட்ரோல் இசட் தட்டினேன். எழுதியதை அழிக்கிற விசையல்லவா? உறுதியும் அழிந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. பத்துத் தடவை தட்டினேன். டேபை மூடினேன், திரும்பத் திறந்தேன். மூடிய டேப் சமர்த்தாகத் திரும்பி வந்தது, உறுதி செய்யப்பட்டது என்ற வரியையும் கூடவே கூட்டிக்கொண்டு. உதவி எண்ணுக்கு அடித்தேன், பிஸி. பெஞ்சில் இருந்த ஒரு அக்கா, அவரோட கம்ப்யூட்டரே தூங்கிப் போச்சு போல என்று பக்கத்து ஆளிடம் சொல்வது காதில் விழுந்தது. எனக்குக் கோபமான கோபம். கீபோர்டு மேல், அந்த ஒன்பது மேல், அதை அப்படிச் செய்து வைத்தவன் மேல். எல்லார் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். மற்றவர்களுடைய வேலையை வாய் திறக்காமல் ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்தேன்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது மகள் வந்தாள். மழையில் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. குடைகூடப் பிடிக்கவில்லை. மனைவி பிரின்ட் எடுத்த பேப்பரை அவளிடம் நீட்டினாள். அவள் நின்றபடியே படித்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள், பிறகு மறுபடி மேலே போய் முதல் விருப்பத்தைப் படித்தாள். தன் போனை எடுத்து அதில் எதையோ பார்த்து, பேப்பரோடு வைத்துச் சரிபார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

“ஸாரி அப்பா. நீங்க மாத்திடுவீங்கன்னு நெனச்சேன். காலைலேர்ந்து அரைமணிக்கொரு தடவ என் லாகின்ல போய்ப் பாத்துட்டே இருந்தேன். கடைசில பேஜ் லோடாகலே, அதான் ஓடி வந்தேன். உங்கள நான் நம்பலே.”

அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தால் போதும். தலையைத் தடவிக் கொடுத்து, பரவாயில்லை மகளே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த ஜென்மத்துக்கும் நான் நல்ல அப்பா. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அரைமணிக்கொரு தடவை என்று அவள் சொன்னது நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. நான் பெருமையாகக் கீபோர்டில் கச்சேரி பண்ணிக்கொண்டிருந்த நாள் முழுக்க, என் பிள்ளை என்னைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் நினைத்ததில் தப்பும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிட்டேன். நாலரைக்கு மாற்றுவதாக இருந்தேன், கை தவறி உன்னுடையது உறுதியாகிவிட்டது, நான் நல்லவனாகி ஒன்றும் செய்யவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி லேமினேஷன் மெஷினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

மகள் அழுகையை நிறுத்தினாள்.

“அப்போ ஃபஸ்ட்ல என்ன போட்டிருப்பீங்க?”

“பயாலஜி.”

“எனக்கு ரத்தம் பார்த்தா தல சுத்தும்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ஆறாம் வகுப்பில் விளையாடி முட்டி கிழிந்தபோது இவள் மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்யப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். பெஞ்சில் இருந்தவர்களும் எனக்காகக் கூச்சப்பட்டு வெளியே மழையைப் பார்த்தார்கள்.

அவள் பேப்பரை என் முன்னால் கீபோர்டின் மேலேயே வைத்தாள். அடியில் பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு போட்டிருந்தது. போதும் அப்பா, இதுல கையெழுத்துப் போடுங்க என்றாள். நான் உடனே பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“படிச்சுட்டுப் போடுங்க.”

படித்தேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று, கொத்தனாரின் பிள்ளையை வாசிக்கச் சொன்ன மாதிரியே, ஒவ்வொரு வரியாக, சத்தமாக. முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். கையெழுத்துப் போட்டேன். மை காய்கிறவரை அவள் நின்றாள். ஃபைலில் வைக்கிறேன், கொடு என்று கையை நீட்டினேன். வேண்டாம் அப்பா, என்கிட்டயே இருக்கட்டும் என்று சொல்லி, அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டாள்.